9 வருஷமா நின்ன போர்ஷே 944: செல்ஃப் அடிக்கலாமா வேண்டாமா?

கேரேஜ்_கனவு

வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து சத்தமில்லாம படிச்சிட்டுப் போற ஆளு நான், கேள்வி கேக்குறது இதான் முதல் தடவை, அசட்டுத்தனமா இருந்தா திட்டாதீங்க.

பள்ளிக்கூடத்துல நோட்டு அட்டைக்குள்ள ஒட்டி வச்சிருந்த வண்டி இப்ப என் ஷெட்டுல நிக்குது. 1987 போர்ஷே 944. டர்போ எல்லாம் இல்ல, சாதா 2.5 லிட்டர், எட்டு வால்வு, மேனுவல் கியர், சிவப்பு (ஒரு காலத்துல சிவப்பு, இப்ப வெயில்ல வெளுத்த ரோஸ்). நண்பனோட சித்தப்பா வச்சிருந்தது. அவருக்கு முட்டி வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாம போச்சு, சரி ஆனப்புறம் ஓட்டலாம்னு ஓரமா நிறுத்தினாரு, அப்படியே 9 வருஷம் போயிடுச்சு. கயிறு கட்டித்தான் இழுத்துட்டு வந்தோம்.

ஓடோமீட்டர் 1,14,000 கிமீ காட்டுது. வண்டியோட ஒரு கவர் நிறைய பழைய பில் இருக்கு, அதுல டைமிங் பெல்ட் (கிராங்க், அதாவது எஞ்சினோட மெயின் தண்டு, சுத்துறதுக்குத் தகுந்தபடி கேம் தண்டைச் சுத்தி வால்வைத் திறந்து மூட வைக்கிற பல்லு வச்ச ரப்பர் பெல்ட்) மாத்துன பில் ஒண்ணு இருக்கு, வண்டிய நிறுத்துறதுக்கு மூணு வருஷம் முன்னாடி தேதி. அப்ப வண்டி ஓடாமயே இருந்ததால பெல்ட்டுக்கு மூணு வருஷ வயசுதான்னு எடுத்துக்கலாமா?

புது பேட்டரி வாங்கி வச்சாச்சு. ஆயில் குச்சிய உருவிப் பார்த்தேன், கறுப்பா இருக்கு ஆனா அளவு சரியாத்தான் இருக்கு. கை பரபரன்னு இருக்கு, ஒரே ஒரு தடவை சாவியத் திருப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுடலாம்னு தோணுது. ஓடுற எஞ்சினா இல்லையான்னு தெரிஞ்சாத்தானே மேல காசு போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியும்?

இன்னொரு கேள்வி, கையில இருக்குற காசுக்கு இப்போதைக்கு ஒண்ணுதான் முடியும், ஒண்ணு முழு டிங்கரிங் பெயிண்ட், இல்லன்னா எஞ்சின் வேலை. வீட்டுல எல்லாரும் பெயிண்ட் அடிச்சா பார்க்கவாச்சும் நல்லா இருக்கும்ங்கறாங்க. எதுல ஆரம்பிக்கலாம்?

ஓட்டினா_போதும்

வாழ்த்துக்கள் ப்ரோ!! செம வண்டி. என்னைக் கேட்டா ரொம்ப யோசிக்காதீங்க, நான் ஏழு வருஷமா நின்ன மாஸ்டா எம்எக்ஸ்-5 எடுத்தேன், முதல் தலைமுறை 1.6, பேட்டரிய மாட்டினேன், அஞ்சு லிட்டர் புது பெட்ரோல் ஊத்தினேன், நாலாவது செல்ஃப்ல புகையைக் கக்கிட்டு ஓட ஆரம்பிச்சிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் ஓடுது. எஞ்சின் ஓடுறத முதல்ல கேட்டாத்தான் வேலை செய்யவே மனசு வரும், இல்லன்னா பாதில போர் அடிச்சு தார்ப்பாய் போட்டு மூடிடுவீங்க, அப்படி மூடின வண்டி எத்தனை பார்த்திருக்கேன்.

பழைய_ஸ்பேனர்

தம்பி, சாவிய வண்டியில இருந்து எடுத்து வீட்டுல குடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லு. விளையாட்டுக்குச் சொல்லல.

மேல சொன்ன நண்பர் பொய் சொல்லல, அவரு வண்டியில அது நடக்கும். அந்த 1.6 மாஸ்டா எஞ்சின்ல பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் போய் வால்வை இடிக்காது, எஞ்சின் நின்னுடும், புது பெல்ட் போட்டா திரும்ப ஓடும். 944 அப்படி இல்ல. பெல்ட் அறுந்தாலோ ரெண்டு மூணு பல்லு தாண்டினாலோ திறந்து நிக்கிற வால்வு மேல பிஸ்டன் ஏறிடும், வால்வு வளைஞ்சிடும், அப்புறம் ஹெட்டை, அதாவது சிலிண்டருங்க மேல மூடி மாதிரி உக்காந்திருக்குற பகுதியை, கழட்டாம வேலை இல்ல. செல்ஃப் மோட்டார் சுத்துற வேகமே வால்வை வளைக்கப் போதும், எஞ்சின் ஓடணும்னு கூட அவசியம் இல்ல. ஆக "ஓடுற எஞ்சினா பார்க்கலாம்"னு நீ சாவியத் திருப்புற அந்த ஒரு நொடியே அதை ஓடாத எஞ்சினா ஆக்கிடலாம்.

பெல்ட் வயசு பத்தி. ரப்பருக்கு கிலோமீட்டர் கணக்கும் உண்டு, நாள் கணக்கும் உண்டு. இந்த வண்டிக்காரங்க பொதுவா வச்சிருக்குற கணக்கு 48,000 கிமீ இல்லன்னா மூணு நாலு வருஷம், எது முன்னாடி வருதோ அது. உன் பெல்ட்டுக்கு 12 வயசு. இன்னும் மோசம் என்னன்னா 9 வருஷமா ஒரே இடத்துல ஒரே வளைவுல மடங்கி நின்னிருக்கு, புல்லி மேல வளைஞ்ச இடம் அப்படியே மரத்துப் போயிருக்கும்.

இதுல பலரும் மறக்குற விஷயம் ஒண்ணு இருக்கு. வாட்டர் பம்ப்பைச் சுத்துறதும் அதே டைமிங் பெல்ட்தான். இத்தனை வருஷம் பழைய கூலன்ட்ல ஊறி நின்ன பம்ப்போட பேரிங் இறுகி இருந்துச்சுன்னு வை, நீ புதுசா போட்ட பெல்ட்டையும் அது கடிச்சுத் துப்பிடும். அதனால பெல்ட் மட்டும் மாத்திட்டு பம்ப்பை அடுத்த தடவை பாக்கலாம்னு மிச்சம் பிடிக்காத. பெல்ட், வாட்டர் பம்ப், ரோலருங்க, கிராங்க் சீல், கேம் சீல், பேலன்ஸ் ஷாஃப்ட் சீல் எல்லாம் ஒரே வேலை. முன்பக்கத்தை ஒரு தடவை பிரிச்சா எல்லாத்தையும் முடிச்சிட்டு மூடு. சீல்ல இருந்து ஆயில் கசிஞ்சு பெல்ட் மேல பட்டா அந்த பெல்ட்டோட ஆயுசும் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

ஆமா, பெல்ட் ஒண்ணு இல்ல ரெண்டு. இது பெரிய நாலு சிலிண்டர் எஞ்சின், சும்மா விட்டா உடம்பெல்லாம் ஆடும், அதுக்காக ரெண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் வச்சாங்க, கிராங்க்கைவிட ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தும், அந்த காப்புரிமை மிட்சுபிஷிகிட்ட இருந்ததால அவங்ககிட்ட உரிமம் வாங்கித்தான் போட்டாங்க. அதுக்குத் தனி பெல்ட், ரெண்டு பக்கமும் பல்லு இருக்கும், ஏன்னா ஒரு ஷாஃப்ட் எதிர்த் திசையில சுத்தணும். அது அறுந்தா எஞ்சின் சாகாது, ஆனா அறுந்த துண்டு பக்கத்துல இருக்குற டைமிங் பெல்ட்டுக்குள்ள போய் சிக்கினா கதை முடிஞ்சுது.

இறுக்கம் ரொம்ப முக்கியம். தளர்ந்தா பல்லு தாண்டும், அதிகமா இறுக்கினா பம்ப் பேரிங் போகும். அதுக்குன்னு அளக்குற கருவி இருக்கு, கிடைச்சா அதை வச்சு அள, கட்டை விரலால அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு"ன்னு சொல்ற ஆளுகிட்ட வண்டிய விடாத. அப்புறம் புது பெல்ட் கொஞ்சம் இளகும், அதனால 2,500 - 3,000 கிமீ ஓடினதும் திரும்பத் திறந்து இறுக்கம் பார்க்கணும். பிற்கால 944-கள்ல ஸ்பிரிங் வச்ச டென்ஷனர் இருக்கும், அதைப் பார்த்துட்டு தானா இறுக்கிக்கும்னு விட்டுடாதீங்க, நட்டைத் தளர்த்தினாத்தான் அந்த ஸ்பிரிங் வேலை செய்யும், மத்த நேரம் சும்மா உக்காந்திருக்கும்.

இப்ப நீ செய்யலாம்னா ஒண்ணு செய். நாலு பிளக்கையும் கழட்டு, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் கொஞ்சமா எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடு. அப்புறம் கிராங்க் போல்ட்டுல 24 சாக்கெட் போட்டு கையால மெதுவா, எஞ்சின் வழக்கமா சுத்துற திசையில மட்டும் சுத்திப் பாரு. வழுவழுன்னு சுத்தினா நல்ல செய்தி. எங்கயாச்சும் தட்டுற மாதிரி இருந்தா பலம் குடுக்காம அங்கயே நிறுத்து.

பெயிண்ட் பத்தி வேற யாராச்சும் சொல்லட்டும், எனக்கு அதுல பொறுமை கிடையாது.

ஓட்டினா_போதும்

சரிண்ணே, பெல்ட் விஷயத்துல வாபஸ் வாங்கிக்கறேன் 🙏 என் வண்டியில பிழைச்சது எல்லா வண்டியிலயும் பிழைக்கும்னு நினைச்சுட்டேன். ஆனா ரெண்டாவது சொன்னதுல நிக்கிறேன், ஓட்டாம வருஷக்கணக்கா பிரிச்சுப் போட்டுட்டே இருந்தா மனசு விட்டுடும்.

ரிலே_அக்கா

பெல்ட் பத்தி அண்ணன் சொன்னதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, நான் பெட்ரோல் பக்கமும் கரண்ட் பக்கமும் சொல்றேன், ஏன்னா பெல்ட்டைத் தாண்டி இந்த வண்டியக் கொல்றது நெருப்புதான்.

பானெட்டைத் திறந்து இன்ஜெக்டர் ரெயிலுக்கு வர்ற பெட்ரோல் ஹோஸைக் கையால வளைச்சுப் பாருங்க. உலோகக் குழாய்க்கு நடுவுல ரப்பர் துண்டு அழுத்திச் சேர்த்த மாதிரி இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல எஞ்சின் சூட்டுல வெந்த ரப்பர் அது. வளையாம கட்டை மாதிரி இருந்தாலோ மேல நெளி நெளியா வெடிப்பு தெரிஞ்சாலோ சோதனை எல்லாம் வேண்டாம், மாத்திடுங்க. இது ஊசி வழியா பீச்சி அடிக்கிற சிஸ்டம், பழைய கார்புரேட்டர் வண்டி மாதிரி சொட்டு சொட்டா ஒழுகாது, அழுத்தத்தோட சூடான எஞ்சின் மேலயே பீச்சும். மாத்தும்போது ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்குன்னு எழுதின உயர் அழுத்த ஹோஸும் அதுக்கேத்த கிளாம்பும் போடுங்க, கையில கிடைச்ச சாதா ஹோஸை சொருகிடாதீங்க. இன்ஜெக்டரோட ஓ-ரிங்கும் அதே வயசுதான், சேர்த்தே மாத்திடலாம்.

டேங்க்ல இருக்குற பெட்ரோலை முழுசா எடுங்க. 9 வருஷத்துல அது பெட்ரோலா இருக்காது, வார்னிஷ் வாடை அடிக்கும். மேல புதுசு ஊத்திக் கலக்குறதெல்லாம் வேண்டாம். டேங்க் வாயில ஒரு சல்லடை இருக்கும், அதையும் கழட்டிப் பாருங்க, அப்புறம் ஃபில்டர்.

ஏர் ஃபில்டர் பெட்டியத் திறக்காம எதுவும் பண்ணாதீங்க. நின்ன வண்டின்னா எலிக்கு பங்களா. என் வண்டியில ஃபில்டருக்கு மேல பஞ்சு மெத்தை விரிச்ச மாதிரி கூடு, சீட்டுல இருந்து கடிச்சு எடுத்த பஞ்சு. எலி கூடு கட்டுச்சுன்னா ஒயரும் கடிச்சிருக்கும்.

அடுத்தது டிஎம்இ ரிலே (டிஎம்இ-ன்னா எஞ்சின் கம்ப்யூட்டர்). எரிபொருள் பம்ப்புக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் குடுக்குறது இந்த ஒரு ரிலேதான். வருஷமாக ஆக உள்ள சால்டர் விட்டுடும், அப்ப செல்ஃப் நல்லா அடிக்கும், ஸ்டார்ட் மட்டும் ஆகாது, இல்லன்னா சூடானா நின்னு போய் ஆறினா ஓடும், ஆள் குழம்பிடுவான். 944 வச்சிருக்கிறவங்க டேஷ்போர்டு பெட்டியில ஒண்ணு ஸ்பேர் இல்லாம வெளியே கிளம்ப மாட்டாங்க. இதுலயே ஒரு நன்மையும் இருக்கு. பெல்ட் வேலை முடிஞ்சு முதல் தடவை செல்ஃப் அடிக்கும்போது இந்த ரிலேயை உருவிட்டு அடிங்க. பெட்ரோலும் வராது, ஸ்பார்க்கும் வராது, எஞ்சின் சும்மா சுத்தும், ஆயில் பிரஷர் முள்ளு எழும்புற வரைக்கும் விட்டு விட்டு அடிச்சிட்டு அப்புறம் ரிலேயை மாட்டினா பேரிங் எல்லாம் ஆயில் நனைஞ்ச பிறகுதான் எஞ்சின் ஓடும்.

என் முட்டாள்தனம் ஒண்ணு சொல்றேன், சிரிச்சுக்கோங்க. கிளட்ச் ஹவுசிங் மேல ரெண்டு சென்சார் பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஒண்ணு வேகம் பார்க்கும், இன்னொண்ணு கிராங்க் எங்க நிக்குதுன்னு பார்க்கும். ரெண்டுக்கும் பிளக் ஒரே மாதிரி. கழட்டும்போது அடையாளம் வைக்காம கழட்டிட்டு, மாத்தி மாட்டிட்டு, ரெண்டு நாள் பம்ப் ரிலே ஃபியூஸ்னு எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். மூணாவது நாள் காலையில காபி குடிக்கும்போது பொறி தட்டுச்சு. ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். அந்த பிளக்குங்க சூட்டுல பொரிகடலை மாதிரி நொறுங்கும், மெதுவா கை வைங்க.

அப்புறம் அந்த 1,14,000-ஐ நம்பாதீங்க 😄 இந்த ஓடோமீட்டருக்குள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கு, அது உதிர்ந்து போய் மீட்டர் அப்படியே நின்னுடும், ஸ்பீடு முள்ளு மட்டும் வழக்கம்போல ஆடிட்டு இருக்கும். பில்லுங்கள்ல எழுதியிருக்கிற கிமீயைத் தேதி வாரியா அடுக்கிப் பாருங்க. கடைசி நாலு பில்லுல ஒரே நம்பர் இருந்தா புரிஞ்சுக்கலாம்.

கேரேஜ்_கனவு

ஐயோ அக்கா, இப்பதான் பில்லை எல்லாம் தரையில பரப்பிப் பார்த்தேன், கடைசி அஞ்சு பில்லுலயும் 1,14,000 சொச்சம்தான் 🤦 நடுவுல நாலு வருஷம்.

சாவிய வீட்டுல குடுத்தாச்சு அண்ணே, "இதான் முதல் தடவையா நல்ல முடிவு எடுத்திருக்க"ன்னு பாராட்டு வேற.

பிளக் கழட்டி ஆயில் விட்டு கையால சுத்திப் பார்த்தேன், வழுவழுன்னு சுத்துது, எங்கயும் தட்டல. அந்த சந்தோஷம் பத்து நிமிஷம்தான். கூலன்ட் டப்பா மூடியத் திறந்தா உள்ள பழுப்பா, மோர்ல மசாலா கலந்த மாதிரி கொழகொழன்னு ஒட்டியிருக்கு. இது ஹெட் கேஸ்கெட் போனதுதானே? அப்படின்னா ஹெட்டைக் கழட்டியே ஆகணும், பேசாம கொடுத்த இடத்துலயே திருப்பிக் கொடுத்துடலாமான்னு இருக்கு.

பழைய_ஸ்பேனர்

அழாத தம்பி. ஆயில் குச்சி எப்படி இருந்துச்சுன்னு முதல் போஸ்ட்ல நீயே எழுதியிருக்க, கறுப்பு ஆனா அளவு சரின்னு. ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில பாரு. அங்க வெள்ளையா நுரை மாதிரி இல்லாம சுத்தமா கறுப்பா இருந்துச்சுன்னா, தண்ணிக்குள்ள ஆயில் போயிருக்கு, ஆயிலுக்குள்ள தண்ணி வரல. அப்படின்னா நான் முதல்ல கை காட்டுறது ஹெட் கேஸ்கெட்டை இல்ல, ஆயில் கூலர் சீலை.

இந்த எஞ்சின்ல ஆயில் கூலர் காத்துல ஆறுறது இல்ல, கூலன்ட்ல ஆறுறது. பிளாக்கோட பக்கவாட்டுல, சைலன்சர் குழாய் போற பக்கம், ஒரு ஹவுசிங்குக்குள்ள உக்காந்திருக்கும். ஆயில் ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம், நடுவுல நாலஞ்சு ரப்பர் வளையம். ரப்பர் காஞ்சு சுருங்கினா ரெண்டும் கலக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணி அழுத்தத்தைவிட ரொம்ப அதிகம், அதனால ஆயில்தான் தண்ணிக்குள்ள தள்ளிட்டுப் போகும். உன் டப்பாவுல இருக்குறது அதான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வண்டிக்கு ஒரு பட்டறையில இதே கொழகொழப்பைப் பார்த்துட்டு நேரா ஹெட்டைக் கழட்டி கேஸ்கெட் மாத்திக் குடுத்தாங்க, நாலு வாரத்துல திரும்ப டப்பா முழுக்க மோர். அப்புறம் சீல் மாத்தினதும் நின்னுடுச்சு. கழட்டுறதுக்கு முன்னாடி லீக் டவுன் டெஸ்ட் பண்ணிக்கோ, செல்ஃப் அடிக்காம ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் காத்து அடைச்சு எவ்ளோ கசியுதுன்னு பார்க்குறது, நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒண்ணா வந்தா நிம்மதியா இருக்கலாம்.

சீல் மாத்தும்போது ஹவுசிங்ல இருக்குற ஆயில் பிரஷர் ரிலீஃப் வால்வையும் (ஆயில் அழுத்தம் அளவு மீறாம பார்த்துக்குறது) பார்க்கணும். பழைய டிசைன்ல அது மூணு துண்டு, ஹவுசிங்கை நேரா பொருத்த தனி கருவி வேணும், கோணலா உக்காந்தா வால்வு சிக்கிக்கும், அப்புறம் பிரஷர் கண்டபடி காட்டும். இதை மட்டும் தெரிஞ்ச ஆளை வச்சு பண்ணு.

அப்புறம் சுத்தம் பண்றதுதான் நரகம். தண்ணிக்குள்ள போன ஆயில் ரேடியேட்டர், ஹீட்டர், ஹோஸ்னு எல்லா மூலையிலயும் பூசி இருக்கும். பாத்திரம் கழுவுற மெஷினுக்குப் போடுற பவுடர், நுரை வராத ரகம், அதைச் சுடுதண்ணியில கரைச்சு ஊத்தி, ஓட்டி, வடிச்சு, திரும்ப வெறும் தண்ணி ஊத்தி வடிச்சு, குறைஞ்சது நாலஞ்சு தடவை. ஆயில்ல ஊறி உப்பின ஹோஸை எல்லாம் தூக்கிப் போடு. கடைசியா கூலன்ட் ஊத்தும்போது மூக்கைத் தூக்கி நிறுத்து, ஹீட்டரை முழு சூட்டுல வை, மேல இருக்குற காத்து எடுக்குற ஸ்குரூவைத் திறந்து குமிழி நிக்கிற வரைக்கும் விடு. இந்த எஞ்சின்ல காத்து மாட்டினா சூடு ஏறும்.

சீல் எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடிதான் வரும், அதுக்குப் போய் வண்டியத் திருப்பிக் கொடுக்கிறேன்ங்கற.

வெளுத்த_சிவப்பு

பெயிண்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, அது என் ஏரியா. அடிக்காதீங்க. இப்போதைக்கு.

காரணம் சொல்றேன். 944 பாடி முழுக்க துத்தநாகம் பூசின இரும்பு, அந்தக் காலத்துல மத்த வண்டிங்க பத்து வருஷத்துல கரைஞ்சு போனப்ப இதுங்க நிமிர்ந்து நின்னது அதனாலதான். ஆனா அந்த தைரியத்துல பார்க்காம விடக் கூடாது. சில்லுக்கு, அதாவது கதவுக்குக் கீழ இருக்குற நீளமான பெட்டிப் பகுதிக்கு மேல, கல்லடிக்காக தடிமனா ஒரு பூச்சு இருக்கும், அதுக்கு அடியில தண்ணி புகுந்தா வெளிய கொப்புளம் மாதிரிதான் தெரியும், உள்ள துரு நடந்துட்டே இருக்கும். முன் மட்கார்டோட பின் முனை, கதவுப் பக்கம் சேர்ற இடம், அங்க மண்ணும் இலையும் சேர்ந்து ஈரம் காயாம நிக்கும். சன்ரூஃப் இருந்தா அதுல தண்ணி வடியிற குழாய் அடைச்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் எல்லாத்துக்கும் மேல பேட்டரி வைக்கிற தட்டு. பேட்டரி ஆசிட் சொட்டி தட்டு ஓட்டையாகும், மழைத்தண்ணி அந்த ஓட்டை வழியா நேரா உள்ள இறங்கும், கீழ இருக்கிறது வண்டியோட மூளை. புது பேட்டரிய அங்க வைக்கிறதுக்கு முன்னாடி தட்டை ஸ்குரூ டிரைவர் முனையால குத்திப் பாருங்க. பளபளன்னு கறுப்பு பெயிண்ட் மட்டும் அடிச்சு மறைச்சிருந்தா குத்தினதும் தெரிஞ்சிடும்.

இதெல்லாம் பார்க்காம, எஞ்சின் வேலை முடியாம பெயிண்ட் அடிச்சா என்ன ஆகும்? எஞ்சின் வேலைக்கு ஆறு மாசம் மட்கார்டு மேல சாஞ்சு சாஞ்சு பெல்ட் பக்கிளால கீறுவீங்க. நான் கீறியிருக்கேன். புது பெயிண்ட் மேல. அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

சிவப்பு வெளுத்துதானே இருக்கு, உரியலையே? அப்படின்னா அது செத்த பெயிண்ட் இல்ல. ஓரமா ஒரு கை அகலத்துக்கு நல்லா கழுவி, களிமண் பார் போட்டு, மெல்லிசான காம்பவுண்ட்ல கையால தேய்ச்சுப் பாருங்க. துணி சிவப்பாகும், பயப்படாதீங்க, மேல தெளிபூச்சு இல்லாத சாதா சிவப்புன்னா அப்படித்தான் வரும். அடியில இருந்து பழைய நிறம் எழும்பும், நீங்களே ஆடிப் போயிடுவீங்க. ஆனா மெஷினை வச்சு முரட்டுத்தனமா தேய்ச்சு மூலை முனையில எல்லாம் பிரைமரைக் காட்டிடாதீங்க. பட்டி பார்த்து புதுசா அடிச்ச வண்டியைவிட, தொழிற்சாலையில அடிச்ச பெயிண்ட் நாலு கீறலோட இருந்தாலும் எனக்கு அதான் உசத்தி. இது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

டிக்கி கண்ணாடி பத்தி ஒரு வார்த்தை, அது முழு கண்ணாடிக் கூடாரம், கனமா இருக்கும், ஃபிரேமோட ஒட்டின பசை விட்டுப்போய் ஓரத்துல காத்து புகுற மாதிரி இடைவெளி விழும். ஸ்டெப்னி கிடங்குல தண்ணி நின்ன தடம் இருந்தா அதான். மூடும்போது டமார்னு அடிக்கவே அடிக்காதீங்க.

ஓட்டினா_போதும்

நானும் உருப்படியா ஒண்ணு சொல்றேன், எஞ்சினைப் பத்தியே பேசிட்டு இருக்கோம், வண்டி நிக்கணுமே. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், 9 வருஷ ஆயில்னா காலிப்பர் பிஸ்டன் துருப்பிடிச்சு ஒட்டியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஜாக்கி போட்டு (ஸ்டாண்டும் வைங்க, வெறும் ஜாக்கிய நம்பி கீழ படுக்காதீங்க) ஒவ்வொரு வீலையும் கையால சுத்திப் பாருங்க, பிரேக் அமுக்கி விட்டதும் திரும்ப சுத்தணும். ரப்பர் பிரேக் ஹோஸ் உள்பக்கம் வீங்கி அடைச்சுக்கும், அப்ப பிரேக் பிடிக்கும் ஆனா விடாது. டயர்ல பட்டன் எவ்ளோ இருக்குன்னு பார்க்காதீங்க, பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2309-ன்னா 2009-ஓட 23-வது வாரம். பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் அந்த டயர்ல வேகமா போனா சாவு.

கிளட்ச்சும். இந்த வண்டிகள்ல பலதுல கிளட்ச் பிளேட் நடுவுல ஸ்பிரிங்குக்குப் பதிலா ரப்பர் இருக்கும், அது உதிர்ந்தா கியர் போடும்போது டங்குன்னு ஒரு இடி. கியர்பாக்ஸ் பின்னாடி இருக்கு, எஞ்சின் முன்னாடி இருக்கு, நடுவுல ஒரு நீளக் குழாய்க்குள்ள ஷாஃப்ட். எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சமமா இருக்குறதால வளைவுல இந்த வண்டி திரும்புற அழகே தனி, ஆனா கிளட்ச் மாத்தணும்னா சைலன்சர்ல இருந்து அந்தக் குழாய் வரைக்கும் எல்லாத்தையும் நகர்த்தணும். இப்ப தொடாதீங்க, வண்டி ஓடினப்புறம் எப்படி இருக்குன்னு பார்த்துக்கலாம்.

பழைய_ஸ்பேனர்

இதை ஒத்துக்கறேன். ஓடினப்புறம் இன்னொண்ணு, ஆயில் அளவு குச்சியில மேல் கோட்டை விட்டு இறங்க விடாத. இந்த எஞ்சின்ல ரெண்டாம் நம்பர் கான்ராட் பேரிங்தான் (பிஸ்டனை கிராங்க்கோட சேர்க்குற தண்டுல இருக்குறது) முதல்ல போகும், நீளமான வளைவுல வேகமா போகும்போது ஆயில் ஒதுங்கி அதுக்குப் போதாம போயிடும். சூடானப்புறம் ஐடிலிங்ல 2 பாருக்குப் பக்கமாவும், 3,000 ஆர்பிஎம் தாண்டினா 4-க்கு மேலயும் ஆயில் பிரஷர் முள்ளு நின்னா கவலை இல்ல.

கேரேஜ்_கனவு

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

ஆயில் மூடிக்கு அடியில சுத்தமா கறுப்பு. லீக் டவுன் டெஸ்ட்ல நாலும் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா வந்துச்சு. ஹெட் தப்பிச்சுது, நானும் தப்பிச்சேன்.

முன்பக்கம் பிரிச்சாச்சு. டைமிங் பெல்ட்டைக் கையில எடுத்து பின்பக்கமா மடக்கினேன், பல்லோட அடியில எல்லாம் வெடிப்பு, ஒரு பல்லு நகம் வச்சதுமே பாதி கழண்டு வந்துச்சு. அதைக் கையில வச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அண்ணே சொன்ன வாட்டர் பம்ப்பைச் சுத்தினா கரகரன்னு மணல் அரைக்கிற மாதிரி சத்தம், ஒரு இடத்துல பிடிச்சுப் பிடிச்சு விடுது. பேட்டரி தட்டுல ஸ்குரூ டிரைவர் உள்ள போயிடுச்சு, சின்ன ஓட்டைதான், வெல்டிங் பண்ணக் குடுத்திருக்கேன், கம்ப்யூட்டர் பெட்டி காஞ்சு இருக்கு. ஏர் ஃபில்டர்ல எலி இல்ல, குளவிக் கூடு.

வெளுத்த சிவப்புல ஒரு கை அகலம் தேய்ச்சுப் பார்த்தேன். வீட்டுல இப்ப யாரும் பெயிண்ட் பேச்சை எடுக்கல.

சந்தேகம் ஒண்ணு. புது பெல்ட் மாட்டப் போறேன். ஃப்ளைவீல்ல டாப் குறி ஜன்னல்ல நேரா வந்துடுச்சு, கேம் புல்லி குறியும் பின் கவர்ல இருக்குற வெட்டுக்கு நேரா நிக்குது. பேலன்ஸ் ஷாஃப்ட்ல மேல இருக்குறது நேரா வருது, கீழ இருக்குறதுல குறி கவருக்கு எதிர்ப்பக்கம் பார்த்துட்டு நிக்குது. அப்படியே பெல்ட் போட்டுடலாமா? எஞ்சினை ஒண்ணும் பண்ணாதுன்னுதானே சொன்னீங்க?

பழைய_ஸ்பேனர்

வால்வை ஒண்ணும் பண்ணாது, உன் பல்லை ஆட்டிடும். பேலன்ஸ் ஷாஃப்ட் ஒண்ணு தலைகீழா இருந்தா அடக்குறதுக்குப் பதிலா அதிர்வைக் கூட்டும், கண்ணாடியில முகம் பார்க்க முடியாத அளவுக்கு வண்டி உதறும், அப்புறம் எஞ்சின் மவுன்ட் போச்சுன்னு நினைச்சு அதை வேற மாத்துவ. பெல்ட் இல்லாதப்ப அந்த ஷாஃப்ட் சுதந்திரமா சுத்தும், கையால அரைச் சுத்து திருப்பு, குறி வெட்டுக்கு நேரா வந்துடும். டைமிங் பெல்ட் பக்கம் எதுவும் அசையக் கூடாது, அதைப் பார்த்துக்கோ. ரெண்டு பெல்ட்டும் மாட்டினப்புறம் 24 சாக்கெட்ல கையால ரெண்டு முழுச் சுத்து சுத்தி எல்லா குறியும் திரும்ப அதே இடத்துக்கு வருதான்னு பாரு. கிராங்க் போல்ட்டை டார்க் ரென்ச் வச்சு 210 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கணும், ஃப்ளைவீலைப் பூட்டிட்டு.

நாலு குறிக்கும் கிட்டப்போய் போட்டோ எடுத்து இங்க போடு. நான் பார்த்துட்டு சொல்ற வரைக்கும் சாவி வீட்டுலயே இருக்கட்டும்.